ஊழல் எப்படி வறுமையாகிறது? இலங்கையை முன்வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022 ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று இலங்கை அறிவித்தது. சுதந்திரத்துக்குப் பிறகு அப்படி அறிவித்தது அதுவே முதல் தடவை. "எல்லாம் ஊழலால் வந்த வினை" என்று அன்று முதல் எல்லோரும் சொல்கிறார்கள். சரிதான். ஆனால் கொழும்பில் ஒருவர் போடும் கையெழுத்து பதுளையில் ஒரு வீட்டின் இராச் சாப்பாட்டை எந்த வழியாக நிறுத்துகிறது என்று கேட்டால் பதில் சொல்வது அவ்வளவு சுலபமில்லை. ஊரிலும் வெளிநாட்டிலும் தமிழ்நாட்டிலும் இருக்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இலங்கை ஏற்கெனவே ஏழை நாடுதானே? ஏழை நாட்டில் ஊழல் இருப்பது வழமைதானே?

இலங்கையை அப்படி ஒரு வரியில் அடக்க முடியாது. இலவசக் கல்வியும் இலவச மருத்துவமும் பல பத்தாண்டுகளாக இருக்கும் நாடு. எழுத்தறிவிலும் குழந்தை இறப்பு வீதத்திலும் தெற்காசியாவில் நல்ல பெயர். 2019 ஜூலையில் உலக வங்கி இலங்கையை 'மேல் நடுத்தர வருமான நாடு' என்ற வகுப்புக்கு உயர்த்தியது. அடுத்த வருடமே பழைய வகுப்புக்கு இறக்கிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய அடி. உலக வங்கியின் மதிப்பீட்டில், 2021-இல் 13 சதவீதமாக இருந்த வறுமை 2022-இல் 25 சதவீதம் ஆனது. ஒரே வருடத்தில் ஏறத்தாழ இரண்டு மடங்கு. நகரங்களில் 5 சதவீதத்திலிருந்து 15. தோட்டப் பகுதிகளில் பாதிப் பேருக்கு மேல்.

கொரோனா வந்ததே என்பார்கள். வந்தது, உல்லாசப் பயணிகள் வரவு நின்றது. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளும் அந்தத் தொழிலை ஏற்கெனவே அடித்துப் போட்டிருந்தன. ஆனால் உல்லாசப் பயணத்தையே நம்பிப் பிழைக்கும் மாலைதீவுக்கும் அதே கொரோனாதான் வந்தது. அந்த நாடு அன்று கடன் கட்ட முடியாது என்று கைவிரிக்கவில்லை.

ஊழல் என்றால் லஞ்சம்தானே? அரசாங்கக் கந்தோரில் ஐந்நூறு, ஆயிரம் கொடுப்பதால் ஒரு நாடே விழுமா?

விழாது. கந்தோர் லஞ்சம் ஏழைகளை உறுத்தும், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். நாட்டைக் கவிழ்ப்பது வர்த்தமானியில் (அரசிதழில்) ஒழுங்காக அச்சிடப்பட்டு, சட்டப்படி நடக்கும் சமாச்சாரங்கள்.

சீனியை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஒக்டோபர் 13 வரை, இறக்குமதி செய்யும் ஒரு கிலோ சீனிக்கு அரசாங்கம் 50 ரூபாய் வரி வாங்கியது. அன்று அந்த வரி 25 சதமாகக் குறைக்கப்பட்டது. ரூபாய் அல்ல, சதம். மக்களுக்கு மலிவாகச் சீனி கொடுப்பதற்கு என்று காரணம் சொன்னார்கள். வரி குறைந்த அளவுக்குக் கடையில் விலை குறையவில்லை. முன்கூட்டியே பெருந்தொகையாக இறக்குமதி செய்தவர்கள் வித்தியாசத்தைப் பையில் போட்டுக்கொண்டார்கள். அரசாங்கத்துக்கு ஏற்பட்ட இழப்பு சுமார் 1,600 கோடி ரூபாய்.

அந்தத் தொகையின் அளவு புரிய வேண்டுமானால் அரசாங்கத்தின் வறுமை நிவாரணத் திட்டமான சமுர்த்தியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாட்டின் ஏழைக் குடும்பங்களுக்கெல்லாம் ஒரு வருடம் முழுக்கக் கொடுத்த சமுர்த்திக் காசில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அது. தேநீருக்குச் சீனி போடும் எல்லோர் பெயரையும் சொல்லி, ஒரு சிலருக்குக் கொடுத்தது. கவனியுங்கள், இதில் யாரும் யாருக்கும் காகித உறையில் காசு கொடுத்ததை நிரூபிக்கத் தேவையில்லை. வரியை மாற்ற ஒரு வர்த்தமானி போதும், அதற்கு முன் பாராளுமன்றத்தில் கேள்வி கேட்டு நிறுத்த வழி இல்லை. அந்த ஓட்டைதான் விஷயம்.

2019 வரிக்குறைப்பை ஏன் ஊழலோடு சேர்க்கிறீர்கள்? அது தேர்தல் வாக்குறுதிதானே?

வாக்குறுதிதான். மக்கள் வாக்களித்ததும் உண்மை. ஆகவே இதை 'ஊழல்' என்று சொல்வதைவிட 'கேட்பாரற்ற ஆட்சி' என்று சொல்வேன். ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்று.

நடந்தது இதுதான். கோட்டாபய ராஜபக்ச 2019 நவம்பரில் ஜனாதிபதியானார். சில வாரங்களுக்குள் வற் வரி, அதாவது பொருள் வாங்கும்போது விலையோடு சேரும் பெறுமதி சேர் வரி, 15 சதவீதத்திலிருந்து 8 ஆனது. முன்பு வருடத்துக்கு 1.2 கோடி ரூபாய்க்கு மேல் வியாபாரம் செய்கிறவர்கள் வற் பதிவு செய்ய வேண்டும். அந்த எல்லை 30 கோடியாக உயர்ந்தது. சம்பளத்தில் மாதாமாதம் கழிக்கும் வரி அறவே எடுக்கப்பட்டது. வருடத்துக்கு 30 லட்சம் வரை உழைத்தால் வருமான வரியே இல்லை.

நாள்கூலிக்குப் போகிறவர் வருமான வரி கட்டியதே இல்லை. அவருக்கு இதில் கிடைத்தது ஒன்றுமில்லை. கிடைத்ததெல்லாம் வசதியானவர்களுக்கும் பெரிய கம்பனிகளுக்கும். ஏற்கெனவே உலகிலேயே மிகக் குறைவாக வரி திரட்டும் நாடுகளில் ஒன்றான இலங்கை, தேசிய வருமானத்தில் எட்டுச் சதவீதமளவு வரியோடு நாட்டை நடத்தப் பார்த்தது.

பள்ளத்தை நிரப்பக் கடன் வாங்கலாம் என்றால், தரப்படுத்தும் நிறுவனங்கள் இலங்கையின் கடன் தரத்தை 2020-இலேயே இறக்கிவிட்டன. வெளிநாட்டுச் சந்தையின் கதவு மூடியது. மிச்சமிருந்த வழி மத்திய வங்கி பணம் அச்சடிப்பது. அச்சடித்தார்கள். அதோடு டொலர் விலையை 200 ரூபாய்ச் சொச்சத்தில் பிடித்து வைத்திருந்தார்கள். அதனால் வெளிநாட்டில் இருப்பவர்கள் வங்கி வழியாகக் காசு அனுப்புவதை விட்டு உண்டியலுக்கு, அதாவது வங்கிக்கு வெளியே காசு கைமாற்றும் ஆட்களிடம், போனார்கள். இருந்த டொலர் கரைந்தது. அப்படிக் கரைந்துகொண்டிருந்த நேரத்தில், 2022 ஜனவரி 18 அன்று, அரசாங்கத்தின் பிணைமுறிகளை (கடன்பத்திரங்களை) வைத்திருந்த வெளிநாட்டுக்காரர்களுக்கு 50 கோடி டொலரை எண்ணிக் கொடுத்தார்கள். சில வாரங்களில் மருந்துக்கும் எரிவாயுவுக்கும் கையில் டொலர் இல்லை.

2022 மார்ச்சில் பிடியை விட்டதும் ரூபாய் சரிந்தது. டொலர் 360 ரூபாய் வரை போனது. அந்த செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது, உணவுப் பொருட்களுக்கு மட்டும் பார்த்தால் 95 சதவீதம். சம்பளத்தில் பாதிக்கு மேல் சாப்பாட்டுக்குச் செலவழிக்கும் குடும்பத்துக்கு இதன் பொருள் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. 2019-இல் வசதியானவர்களுக்குக் கொடுத்த சலுகையின் பில் 2022-இல் இவர்கள் வீட்டுக்கு வந்தது.

எச்சரிக்க ஒருவரும் இருக்கவில்லையா?

இருந்தார்கள். பொருளாதார நிபுணர்கள் சொன்னார்கள், எதிர்க்கட்சி சொன்னது. கேட்க வேண்டிய கட்டாயம் ஆட்சியிலிருந்தவர்களுக்கு இருக்கவில்லை. 2020 ஒக்டோபரில் வந்த அரசியலமைப்பின் 20ஆம் திருத்தம் ஜனாதிபதியின் கையில் அதிகாரத்தைக் குவித்தது. அரசாங்கக் கொள்வனவுகளைக் கண்காணிக்கும் ஆணைக்குழுவையும் கணக்காய்வுச் சேவை ஆணைக்குழுவையும் இல்லாமலே செய்தது. சீனி வரி குறைந்ததும் அதே மாதம்தான். ஜனாதிபதியின் அண்ணன் மகிந்த பிரதமர், தம்பி பசில் 2021-இல் நிதியமைச்சர். வீட்டுக்குள்ளேயே முடிவெடுத்தால் யார் யாரைக் கேட்பது?

உரத் தடையால் ஏழைகளுக்கு என்ன நடந்தது?

இது தனியாகப் பேச வேண்டிய கதை.

2021 ஏப்ரல் கடைசியில் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை என்று முடிவாகி, மே மாதம் வர்த்தமானி வந்தது. தேர்தல் விஞ்ஞாபனத்தில் பத்து வருடத்தில் இயற்கை விவசாயத்துக்கு மாறுவோம் என்றுதான் எழுதியிருந்தார்கள். பத்து வருடம் சில நாட்களானது. இயற்கை உரத்துக்கு நான் எதிரியல்ல. ஆனால் நாடு முழுக்க வயலுக்குப் போடத் தேவையான கொம்போஸ்ட் நாட்டிலேயே இல்லாதபோது தடை போடுவது விவசாயக் கொள்கை ஆகாது. உர மானியத்துக்கும் இறக்குமதிக்கும் டொலர் மிச்சம் பிடிப்பதுதான் உள்நோக்கம் என்று பலர் அப்போதே சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

பிறகு சீனாவிலிருந்து இயற்கை உரம் தருவிக்க ஒப்பந்தம் போட்டார்கள். மாதிரியில் தீங்கான பக்டீரியா இருப்பதாக நம்முடைய தாவரத் தனிமைப்படுத்தல் சேவை சொல்லிவிட்டது. கப்பலை இறக்கவிடவில்லை. அப்புறம் அந்தக் கம்பனியோடு தகராறு. கடைசியில் வயலுக்கு ஒரு பிடி உரமும் வராமலே 60 லட்சம் டொலருக்கு மேல் கொடுக்க வேண்டி வந்தது.

வருடத்தின் முக்கிய நெல் பருவமான பெரும்போக விதைப்பு நேரத்தில் உரம் இல்லை. நவம்பரில் தடையை விலக்கியபோது விதைப்புக் காலம் பாதி போய்விட்டது. விளைச்சல் விழுந்தது, அரிசியில் தன்னிறைவு பெற்றிருந்த நாடு அரிசி இறக்குமதி செய்தது. நெல் விவசாயிகளுக்கு 4,000 கோடி ரூபாய் நட்டஈடு அறிவித்தார்கள். அதுவும் மக்கள் பணம்தான்.

தேயிலைக்கு நடந்ததை வெளியில் இருப்பவர்கள் அதிகம் பேசவில்லை. 2021-இல் ஏறத்தாழ 30 கோடி கிலோ இருந்த உற்பத்தி 2022-இல் 25 கோடி கிலோவாக விழுந்தது. சுமார் கால் நூற்றாண்டில் மிகக் குறைந்த அளவு. தோட்டத்தில் ஒரு நாளைக்கு இத்தனை கிலோ கொழுந்து என்று கணக்கு உண்டு. அதை எடுத்தால்தான் முழுப் பேர் போடுவார்கள், எடுக்காவிட்டால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம். உரம் போடாத மலையில் கொழுந்து துளிர்க்கவில்லை. காலையிலிருந்து நின்று பறித்தாலும் கிலோ சேரவில்லை. 2021 மார்ச்சில்தான் நாள் சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்திருந்தது. எத்தனையோ வருடம் கேட்டுக் கிடைத்த ஆயிரம், கையில் வரும்போது ஐந்நூறாக வந்தது.

சீனக் கடன்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்கிறார்களே?

பாதி உண்மை. கடனில் பெரிய சுமை வெளிநாட்டுச் சந்தையில் விற்ற பிணைமுறிகள். அது மட்டும் 1,200 கோடி டொலருக்கு மேல். சீனக் கடனைத் தனியாக எடுத்தால் அதைவிடக் குறைவு.

சீனக் கடன் எதற்குப் போனது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அம்பாந்தோட்டையில் மத்தல விமான நிலையம் 2013-இல் திறந்தார்கள். செலவு சுமார் 21 கோடி டொலர். விமானம் வராமல், ஒரு கட்டத்தில் அங்கே நெல் மூட்டை அடுக்கினார்கள். பக்கத்திலிருக்கும் துறைமுகம் 2017-இல் 99 வருடக் குத்தகைக்குப் போனது. இவை ஏன் அம்பாந்தோட்டையில் வந்தன என்றால், அது அன்றைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவின் சொந்த மாவட்டம். இப்படிப்பட்ட திட்டங்களில் பலவற்றுக்குத் திறந்த கேள்விமனு (டெண்டர்) கோரப்படவில்லை. கம்பனியே திட்டத்தைக் கொண்டுவந்து கொடுக்கும், அமைச்சரவை ஏற்றுக்கொள்ளும். போட்டி இல்லாத இடத்தில் என்ன விலை சரி என்று யார் சொல்வது?

விமானம் என்றதும் இன்னொன்று. 2020 ஜனவரியில் எயார்பஸ் நிறுவனம் பிரிட்டன் நீதிமன்றத்தில் பல நாடுகளில் நடந்த லஞ்ச விவகாரங்களைத் தீர்த்துக்கொண்டபோது, ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் விமானக் கொள்வனவும் அந்தப் பட்டியலில் இருந்தது. அந்த விமான சேவையின் நட்டத்தை அரச வங்கிகளும் திறைசேரியும் இன்றுவரை சுமக்கின்றன. வாழ்க்கையில் விமானம் ஏறாதவரும் பருப்பு வாங்கும்போது அதற்குப் பங்கு கட்டுகிறார்.

மத்திய வங்கிப் பிணைமுறி விவகாரம் பணக்காரர்களின் சண்டை இல்லையா? தொழிலாளிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம், ஊழியர் சேமலாப நிதி. தமிழ்நாட்டில் பி.எஃப். என்பார்களே, அதுதான்.

2015 பெப்ரவரி 27 அன்று மத்திய வங்கி 100 கோடி ரூபாய்ப் பிணைமுறிகளுக்கு ஏலம் அறிவித்து, 1,000 கோடிக்கு ஏற்றுக்கொண்டது. அதனால் அரசாங்கம் கூடின வட்டி கட்ட வேண்டி வந்தது. பெருமளவில் வாங்கியது அன்றைய ஆளுநரின் மருமகனோடு தொடர்புடைய நிறுவனம். பின்னர் ஜனாதிபதி விசாரணை ஆணைக்குழு இதை விரிவாக ஆராய்ந்தது. அந்த நிறுவனத்தின் கையிலிருந்த பிணைமுறிகளைச் சுற்றி வளைத்துக் கூடிய விலைக்கு வாங்கியவர்களில் சேமலாப நிதியும் ஒன்று என்று ஆணைக்குழு கண்டது. ராஜபக்சர்களின் ஊழலை ஒழிக்கிறோம் என்று ஆட்சிக்கு வந்து ஐம்பது நாள்கூட ஆகாத அரசாங்கத்தில் இது நடந்தது. ஆகவே இதை ஒரு குடும்பத்தின் கதையாகச் சுருக்காதீர்கள்.

இதற்கு இரண்டாம் பாகமும் உண்டு. 2023-இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது, யாருடைய வட்டியைக் குறைப்பது என்று ஒரு கேள்வி வந்தது. வங்கிகளைத் தொடவில்லை, தொட்டால் வங்கி விழும் என்றார்கள். அதில் நியாயம் இருக்கலாம். சுமை விழுந்தது சேமலாப நிதி போன்ற ஓய்வூதிய நிதிகளின் மேல். அவற்றின் பழைய பிணைமுறிகளுக்குப் பதிலாக 2026 வரை 12 சதவீதமும் அதற்குப் பிறகு 9 சதவீதமும் தரும் புதியவை கொடுக்கப்பட்டன. மறுத்தால் நிதியின் வருமானத்துக்கு 30 சதவீத வரி என்று ஒரு மிரட்டலும் கூடவே.

இந்த நிதியில் யாருடைய காசு இருக்கிறது? கார்மெண்டில் வேலை செய்யும் பெண்கள், தோட்டத் தொழிலாளர்கள், கடைச் சிப்பந்திகள். பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்ட 2022-க்கு அவர்களுக்குக் கிடைத்த வட்டி 9 சதவீதம். வரி கட்டாமல் தப்பியவர்களின் பங்கை, ஓய்வு பெறும்போது கையில் வரவேண்டிய காசிலிருந்து இவர்கள் கட்டுகிறார்கள். பாராளுமன்றத்தில் இதைப் பற்றி நடந்த விவாதத்துக்கு ஒரு சனிக்கிழமை போதுமாயிருந்தது.

அப்படியானால் சின்ன லஞ்சத்தை விட்டுவிடலாமா?

விடக்கூடாது. ஆயிரம் ரூபாய் கடைக்காரருக்கு ஒரு மணி நேர வியாபாரம், கூலித் தொழிலாளிக்கு அன்றைய நாள். கொடுக்க முடியாதவர் திரும்பத் திரும்ப அலைவார், ஒவ்வொரு அலைச்சலும் ஒரு நாள் சம்பளம். தமிழ் பேசுகிறவர்களுக்கு இன்னொரு சுமையும் சேர்கிறது. தமிழும் அரச கரும மொழிதான். ஆனால் தெற்கிலும் மலையகத்திலும் பல பொலிஸ் நிலையங்களிலும் கந்தோர்களிலும் சிங்களத்தில்தான் எழுதுவார்கள். எழுதிக் கொடுக்க, கூடவந்து பேச ஒரு ஆள் தேவை. அந்த ஆளுக்குக் காசு.

சமுர்த்தி, அஸ்வெசும எல்லாம் ஏழைகளுக்காகத்தானே இருக்கின்றன?

சமுர்த்தி 1995-இல் வந்தது. ஆரம்பத்திலிருந்தே பட்டியலில் பெயர் வருவதற்கும் அந்தப் பகுதி அரசியல்வாதியின் ஆள் என்பதற்கும் நெருங்கிய தொடர்பு. ஒருமுறை பெயர் ஏறினால், பிறகு மாடி வீடு கட்டினாலும் இறங்காது. பட்டியலைத் திருத்தினால் வாக்குப் போகும் என்பதால் எந்த ஆட்சியும் கைவைக்கவில்லை. ஏழைகளில் பெரும்பகுதி வெளியே, ஏழையல்லாதவர் கணிசமானோர் உள்ளே. இதுவும் ஊழல்தான், யாரும் அப்படிப் பெயர் வைக்காத ஊழல்.

2023 ஜூலையில் சமுர்த்தி உதவித்தொகைக்குப் பதிலாக அஸ்வெசும வந்தது. வீடு, காணி, மின்சாரம், நோய், படிப்பு என்று அளவுகோல் வைத்துப் புள்ளி போட்டு, மாதம் 2,500 ரூபாயிலிருந்து 15,000 வரை நான்கு படிகளில் வங்கிக் கணக்குக்கே காசு. யோசனையில் குறை சொல்ல முடியாது. முதல் பட்டியல் வந்ததும் லட்சக்கணக்கில் மேன்முறையீடுகள் குவிந்தன. வீட்டில் பழைய மோட்டார் சைக்கிள் நிற்கிறது, ஓடுவதில்லை, ஆனால் புள்ளி போய்விட்டது என்ற மாதிரிக் கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. அரசியல்வாதியின் கையிலிருந்து பட்டியலைப் பிடுங்கியதற்காக இதை ஆதரிக்கிறேன். கணினி ஏன் விலக்கியது என்று கிராம உத்தியோகத்தருக்கே சொல்லத் தெரியாதபோது, பழைய திமிருக்குப் பதில் புதிய மௌனம் வந்திருக்கிறது என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது.

வடக்கு, கிழக்கு, மலையகத்தில் பாதிப்பு வேறு மாதிரியா?

ஆமாம். விலை எல்லோருக்கும் ஒன்றாக ஏறினாலும், கையிருப்பு ஒன்றாக இருக்கவில்லை. போரில் வீடு, தொழில், உழைக்கும் ஆள் எல்லாவற்றையும் இழந்த குடும்பங்கள் 2009-க்குப் பிறகு நுண்கடனில் மாட்டிக்கொண்டன. கிழமைக்கு ஒருமுறை வீட்டு வாசலில் வந்து நிற்கும் கடன். கட்டுப்படுத்த வேண்டிய அரசாங்கம் வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தது. பெண்கள் வீதிக்கு இறங்கிய பிறகு, 2018-இல்தான் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் ஒரு லட்சம் ரூபாய் வரையான கடன்களுக்கு நிவாரணம் வந்தது.

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ஆனது. கொழும்பில் அதைக் கவனித்தவர்கள் குறைவு. முல்லைத்தீவிலும் மன்னாரிலும் சின்னப் படகின் எஞ்சின் ஓடுவது மண்ணெண்ணெயில். ஒருநாள் தொழிலுக்குப் போய் வரும் எண்ணெய்ச் செலவு பிடிக்கும் மீனைவிட அதிகமென்றால் படகு கரையில்தான் நிற்கும். தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளில் அடுப்புக்கும் விளக்குக்கும் அதே எண்ணெய்.

விலையேற்றத்துக்கு ஐ.எம்.எஃப். (சர்வதேச நாணய நிதியம்)தானே காரணம்?

ஒரு பகுதிக்கு ஆம். 2023 மார்ச்சில் சுமார் 300 கோடி டொலர் உதவிக்கு ஒப்புதல் கிடைத்தது. கிடைக்கும் முன்னும் பின்னும் வற் வரி 8-இலிருந்து 12, பிறகு 15, 2024 ஜனவரியில் 18 சதவீதமானது. 2022 ஓகஸ்ட் மின்கட்டண உயர்வில், மாதம் 30 அலகுக்குக் குறைவாகப் பாவிக்கும் வீடுகளுக்குச் சதவீதக் கணக்கில் மிகக் கூடிய அடி விழுந்தது. வரியைக் கூட்டாமல் தப்ப முடியாது என்பதை ஏற்கிறேன். சொத்துள்ளவரிடம் முதலில் வாங்காமல், பால்மா வாங்குகிறவரிடம் ஏன் முதலில் வாங்கினார்கள் என்பதற்கு நல்ல பதில் இல்லை. வற் வரி கடையிலேயே தானாக வந்துவிடும், பணக்காரரின் வருமானத்தைத் தேடிப்போக வேண்டும். அவ்வளவுதான்.

அதே ஐ.எம்.எஃப். 2023 செப்டெம்பரில் இலங்கையின் ஆட்சிமுறையையும் ஊழலையும் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டது. ஆசியாவில் அவர்கள் செய்த முதல் அறிக்கை அது. போட்டியில்லாத கொள்வனவு, அமைச்சர் விருப்பப்படி வரிச்சலுகை என்று ஓட்டைகளை வரிசையாகச் சொல்லியிருந்தது. வற் வரியைக் கூட்டிய வேகத்தில் அந்த ஓட்டைகளை அடைக்கவில்லை.

யாருக்காவது தண்டனை கிடைத்ததா?

2023 நவம்பர் 14 அன்று நாட்டின் ஆக மேலான நீதிமன்றமாகிய உயர் நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் ஒரு தீர்ப்புச் சொன்னது. கோட்டாபய, மகிந்த, பசில் ராஜபக்சக்களும், மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் இருவரும், நிதித்துறையின் மேல்மட்ட அதிகாரிகள் சிலரும் மக்கள் வைத்த நம்பிக்கையை மீறினார்கள், நெருக்கடிக்குப் பொறுப்பானவர்கள் என்று அது சொன்னது. மனுதாரர்கள் நட்டஈடு கேட்கவில்லை, நீதிமன்றமும் விதிக்கவில்லை. வழக்குச் செலவாக 1,50,000 ரூபாய். குற்றவியல் வழக்கு அல்ல என்பதால் சிறை என்ற பேச்சே இல்லை.

குறைத்து மதிப்பிடாதீர்கள். "பொருளாதாரக் கொள்கையில் நீதிமன்றம் தலையிட முடியாது" என்று அவர்கள் சொன்ன வாதம் எடுபடவில்லை. ஆனால் பசியோடு கிடந்த வீட்டுக்கு அந்தத் தீர்ப்பால் ஒரு சுண்டு அரிசியும் வரவில்லை என்பதும் உண்மை.

ஊழலை நிறுத்தினால் வறுமை போய்விடுமா?

உடனே போகாது. 2024 செப்டெம்பரில் ஊழல் எதிர்ப்பையே முழக்கமாக வைத்து அநுர குமார திசாநாயக்க வென்றார். 2025-இல் குற்றத்தால் சேர்த்த சொத்துகளைப் பறிமுதல் செய்யும் சட்டம் வந்தது. வரவேற்கிறேன். ஆனால் உலக வங்கிக் கணக்கில் 2024-இலும் வறுமை ஏறத்தாழ நான்கில் ஒன்றுதான். பணவீக்கம் இறங்கினால் விலை திரும்பாது, ஏறும் வேகம்தான் குறையும். நகையை அடகு வைத்தவர், பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளையை நிறுத்தியவர், படகை விற்றவர் ஆகியோருக்கு அமைச்சர் நேர்மையானவர் என்பதால் மட்டும் அவை திரும்பி வராது. அதற்குத் தனியாகக் காசும் திட்டமும் வேண்டும்.

சாதாரண ஆள் ஒருவர் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தமிழிலேயே எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. உங்கள் பிரதேச சபையிலோ பிரதேச செயலகத்திலோ தகவல் அலுவலர் ஒருவர் இருப்பார். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு. அதுவும் சரிவராவிட்டால் கொழும்பிலுள்ள ஆணைக்குழு. லஞ்சம் கேட்டால் முறையிட லஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954.

என்ன கேட்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். "எங்கள் ஊரில் ஊழல் நடக்கிறதா?" என்று கேட்டால் பதில் வராது. தாளைக் கேளுங்கள். இந்த வீதிக்கு ஒதுக்கிய தொகை என்ன, ஒப்பந்தக்காரர் யார், எத்தனை பேர் விலைமனு கொடுத்தார்கள், இறுதிக் கொடுப்பனவுக்குக் கையெழுத்திட்ட அலுவலர் யார், அளவீட்டுத் தாளின் பிரதி ஒன்று. அஸ்வெசுமயில் உங்கள் பெயர் விடுபட்டிருந்தால், உங்கள் குடும்பத்துக்குப் போட்ட புள்ளி விபரத்தைக் கேளுங்கள். எந்த இடத்தில் எத்தனை புள்ளி போயிருக்கிறது என்று தெரிந்தால்தான் மேன்முறையீட்டில் எழுத ஏதாவது இருக்கும். விண்ணப்பத்தைக் கொடுத்ததும் திகதியோடு பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள், 14 நாள் எண்ணத் தொடங்குவது அதிலிருந்துதான்.